கோழி வண்டி எல்லையில் நின்றால் சிறுத்தைக்கு என்ன சாப்பாடு?

கேரளத்தில் எங்காவது பறவைக் காய்ச்சல் உறுதியானால், மறுநாளே வாளையார், வேலந்தாவளம், நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய தமிழக–கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் கால்நடைத் துறைக்காரர்கள் மருந்து தெளிப்பானோடு நிற்பார்கள். கோழி, வாத்து, முட்டை, கோழித்தீவனம் ஏற்றிய வண்டிகள் திருப்பி அனுப்பப்படும். பிராய்லர் விலை என்ன ஆகும் என்பதுதான் ஊரில் பேச்சாக இருக்கும். கூடவே வரும் இன்னொரு செய்தி பலரையும் குழப்புகிறது: உயிரியல் பூங்காக்களில் விலங்குகளுக்குக் கோழி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். புலி பட்டினி கிடக்குமா? மாட்டிறைச்சி போட்டால் தீர்ந்ததுதானே? அவித்துக் கொடுத்தால் ஆகாதா?

மூன்றுமே நியாயமான கேள்விகள். பதில் தெரிய வேண்டுமானால் பூங்காவின் தீவனப் பட்டியல் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டியலில் எழுதியிருப்பது கிலோ. விலங்கின் உடம்புக்குப் போய்ச் சேருவது வேறு. ஒரு பொருள் வராத நாளில் இன்னொன்றைக் கிலோவுக்குக் கிலோ மாற்றி வைப்பதுதான் தீவனக் கிடங்கில் அதிகம் நடக்கும் தவறு. தட்டு நிறைந்திருப்பதால் அது கண்ணிலும் படாது.

கோழியை ஏன் நிறுத்துகிறார்கள்

பறவைக் காய்ச்சல் பறவைக்குத்தானே வரும் என்பது பாதி உண்மை. எச்5என்1 வைரஸ் பூனைக் குடும்பத்தைக் கடுமையாகத் தாக்கும். தாய்லாந்தில் 2004-இல் ஒரு புலிப் பண்ணையில் பச்சைக் கோழி தின்ற புலிகளில் 147 செத்தன, அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. நாகபுரியின் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே நோயில் இறந்தன.

உறைபெட்டியில் வைத்தால் இந்த வைரஸ் சாகாது. குளிர் அதைப் பத்திரமாக வைத்திருக்கும். இறைச்சியின் நடுப்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் அழியும். ஆக, நோய் பரவுவதற்கு முந்தைய வாரம் வாங்கி உறையவைத்த கோழியையும் நம்ப முடியாது. காடையும் வாத்தும் அதே கணக்கில்தான் சேரும்.

முதலில் நான்கு சொற்கள்

1. உலர்பொருள்: உணவிலிருந்து தண்ணீரை முழுதும் எடுத்தபின் மிஞ்சுவது. சத்து எல்லாம் இதில்தான். வெள்ளரிக்காயில் உலர்பொருள் நூற்றுக்கு 4, 5 தான். வாழைப்பழத்தில் சுமார் 25. நிலக்கடலையில் 90-க்கு மேல். ஒரு கிலோ வெள்ளரியும் ஒரு கிலோ வாழைப்பழமும் தராசுக்கு ஒன்று, குரங்கின் குடலுக்கு ஒன்றல்ல.

2. பராமரிப்பு ஆற்றல்: எடை கூடாமலும் குறையாமலும் இருக்கத் தேவையான கலோரி. கிலோவில் உள்ள உடல் எடையை 0.75 என்ற அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் அசையாமல் படுத்திருக்கும் உடம்பின் ஒரு நாள் தேவை கிடைக்கும். கூண்டில் நடமாடும் ஊனுண்ணிக்கு அதைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.

3. சுண்ணாம்பு–பாஸ்பரஸ் விகிதம்: சுண்ணாம்பு என்று இங்கே சொல்வது கால்சியத்தை. ஊனுண்ணிகளுக்கு 1.2-க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். எலும்பு நீக்கிய கறியில் இது தலைகீழ். ஒரு கிலோ தனிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 2 கிராம், சுண்ணாம்புச்சத்து 0.1 கிராம்.

4. வைத்ததும் தின்றதும்: வைத்ததில் மீதியைக் கழித்தால் தின்றது. சொல்லும்போது எளிது. செய்வதில் உள்ள சிக்கலைப் பின்னால் பார்க்கலாம்.

எடைக்கு இத்தனை சதவீதம் என்ற விதி எங்கே வழுக்கும்

உடல் எடையில் ஐந்து சதவீதக் கறி என்று ஒரே விதியை எல்லாப் பூனைகளுக்கும் போடும் பழக்கம் உண்டு. மேலே சொன்ன கணக்கை இரண்டு மடங்கு வைத்துப் போட்டுப் பாருங்கள். 3 கிலோ சிறுத்தைப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 320 கலோரி வேண்டும். 50 கிலோ சிறுத்தைக்கு 2,630. 150 கிலோ புலிக்கு 6,000. சிறுத்தை அந்தப் பூனையைவிட 17 மடங்கு எடை; தேவையோ 8 மடங்குதான். சிறிய உடம்பு கிலோவுக்கு அதிகம் எரிக்கும். ஒரே சதவீதத்தில் கொடுத்தால் சின்னது இளைக்கும், பெரியது கொழுக்கும்.

வாரத்துக்கு ஒரு நாள் புலிக்கும் சிங்கத்துக்கும் உணவு வைப்பதில்லை என்ற வழக்கத்துக்கும் விளக்கம் இதில் பாதி இருக்கிறது. காட்டுப் புலி நாள் தவறாமல் தின்பதில்லை. கிடைத்தபோது ஒரே வேளையில் 20 கிலோவுக்கும் மேல் தின்றுவிட்டு நாள்கணக்கில் சும்மா படுத்திருக்கும். அந்த உடம்புக்கு ஒரு நாள் இடைவெளி சிரமமே இல்லை. குட்டிகள், பால் கொடுக்கும் தாய், நோயாளி, சிறு பூனைகள் ஆகியவற்றுக்கு இந்த விரதம் கிடையாது.

சிறுத்தையின் தட்டில் கோழிக்குப் பதில் மாடு

50 கிலோ சிறுத்தை ஒன்று, தோலோடு சுத்தம் செய்த முழுக்கோழி தின்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட கோழி ஒரு கிலோவில் எலும்பு 300 கிராம் போக, தோலோடு கூடிய கறியில் சுமார் 1,500 கலோரி. சிறுத்தையின் 2,630-க்கு 1.75 கிலோ கோழி போதும். (கடையில் தோலை உரித்துத் தருவதுதான் கேரளத்தில் பெரும்பாலும் வழக்கம். உரித்தால் கொழுப்பும் சேர்ந்து போய்விடும், இந்தக் கணக்கு கிட்டத்தட்டப் பாதியாகும். ஒப்பந்தத்தில் தோலோடா, தோல் இல்லாமலா என்று எழுதியே ஆகவேண்டும்.)

கோழி நின்ற அன்று அதே 1.75 கிலோவுக்கு எருமைக்கறி வருகிறது. கொழுப்பில்லாத எருமைக்கறி கிலோவுக்கு 1,100 கலோரி அளவில்தான் தரும். எலும்பில்லாமல் வந்தால் 1,925 கலோரி: கால் பங்குக்கு மேல் குறை. எடையில் கால்வாசி எலும்போடு வந்தால் 1,450 கூட வராது. பட்டியலைப் பார்த்தால் கிலோ மாறவில்லை. இரண்டு மாதம் போனால் இடுப்பெலும்பு தெரியும்.

சரி, எலும்பில்லாத கறியையே 2.4 கிலோவாக உயர்த்திவிடலாம். ஆற்றல் சரியாகிவிடும், சுண்ணாம்பு கவிழ்ந்துவிடும். 2.4 கிலோ கறியில் பாஸ்பரஸ் 4.8 கிராம், சுண்ணாம்புச்சத்து 0.24 கிராம். விகிதம் 1.2 ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்புச்சத்து 5.8 கிராம் வேண்டும். குறைவது ஏறக்குறைய 5.5 கிராம். கால்சியம் கார்பனேட்டில் சுண்ணாம்புச்சத்து நூற்றுக்கு 40. ஆக நாளொன்றுக்கு 14 கிராம் தூள். எளிதாக நினைவில் வைக்க: எலும்பில்லாக் கறி கிலோவுக்கு 6 கிராம்.

இங்கே ஒரு பொறி உண்டு. மாட்டுத்தீவனக் கடையில் சட்டென்று கிடைப்பது டை கால்சியம் பாஸ்பேட், டி.சி.பி. பையில் கால்சியம் என்ற பெயர் இருப்பதால் அதையே வாங்கித் தூவிவிடுகிறார்கள். அதில் சுண்ணாம்போடு பாஸ்பரஸும் கூடவே வருகிறது. ஏற்கெனவே பாஸ்பரஸ் மிஞ்சி நிற்கும் கறிக்கு அதைப் போட்டால் விகிதம் வேண்டிய அளவை எட்டாது.

விகிதம் கவிழ்ந்தால் என்ன ஆகும்? இரத்தத்தில் சுண்ணாம்பு குறையாமல் காக்க, உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உருவி எடுக்கும். வளரும் குட்டியில் சில வாரங்களிலேயே தெரியும்: நடக்கத் தயங்கும், பின்னங்கால் வளையும், சின்னத் தாவலில் எலும்பு முறியும். வளர்ந்த விலங்கில் மெதுவாக வரும். கறி மட்டும் போட்டுச் செல்லமாக வளர்த்த மீட்புக் குட்டிகளில் கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

தூளைவிட நல்ல வழி எலும்போடு கொடுப்பது. விலா, கழுத்து, வால் துண்டுகளைக் கடித்து நொறுக்கும்போது பல்லும் சுத்தமாகும், அரைமணி நேரம் வேலையும் கிடைக்கும். ஈரல் சேர்க்கலாம், பூனைகளால் கேரட்டின் நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது, விலங்கிலிருந்தே பெற வேண்டும். ஆனால் மொத்தக் கறியில் நூற்றுக்கு 5-ஐத் தாண்டினால் அதே வைட்டமின் தேங்கி நஞ்சாகும்.

அவித்துக் கொடுப்பது பற்றி: வைரஸ் சாகும், உண்மை. ஆனால் தயமின் (வைட்டமின் பி1) குறையும், பூனைகளுக்கு அத்தியாவசியமான டாரின் என்ற சத்து வெந்த தண்ணீரில் இறங்கும், வெந்த எலும்பு ஊசிபோல் பிளந்து தொண்டையையும் குடலையும் குத்தும். வேறு வழியே இல்லாத சில நாள்களுக்கு எலும்பை நீக்கி, வேகவைத்த சாற்றையும் சேர்த்து, கால்சியம் கார்பனேட் தூளோடு கொடுக்கலாம். மாதக்கணக்கில் ஓட்ட முடியாது.

ஆந்தைக்கும் கழுகுக்கும் சிக்கல் வேறு. ஆந்தை இரையை முழுதாக விழுங்கி, முடியையும் இறகையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். வெறும் மாட்டுக்கறித் துண்டில் கக்குவதற்கு எதுவும் இல்லை. நம்பகமான இடத்தில் வளர்த்த வெள்ளெலியை முழுதாகக் கொடுப்பது சரியான மாற்று. பிணந்தின்னிக் கழுகு வைத்திருக்கும் இடங்களில் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: அறுத்த மாட்டுக்கு வலி மருந்து போட்டிருந்தார்களா? டைக்ளோஃபெனாக் 2006-லும், அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் இரண்டும் 2023-லும் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்டதற்குக் காரணம், அவை இந்தக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுப்பதுதான்.

மாட்டிறைச்சியும் வானத்திலிருந்து விழுவதில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் ஏற்றும் மாடுகள் கடப்பதும் இதே சாவடிகளைத்தான். கோமாரி பரவினால் அந்த வண்டியும் நிற்கும். இரண்டு வகை ஊனுக்கும் மாற்றுக் கணக்கை முன்கூட்டியே எழுதி வைக்காத பூங்கா, அன்றைக்குக் கிடைத்ததை வைக்கும்.

குரங்குத் தட்டு: அதே 700 கிராம்

கேரளத்துக்குக் காய்கறி பெருமளவு ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சிச் சந்தைகளிலிருந்து போகிறது. சந்தை விடுமுறை, ஹர்த்தால், ஓணத்துக்கு முந்தைய விலையேற்றம், எதுவானாலும் முதலில் மாறுவது குரங்குத் தட்டு. சோலைமந்தி ஒன்றுக்கு, தழை தவிர்த்து, இப்படி ஒரு தட்டு என்று கொள்வோம்:

- கேரட் 200 கிராம் (உலர்பொருள் 24)
- பீன்ஸ் 200 கிராம் (20)
- சர்க்கரைவள்ளி 150 கிராம் (36)
- வாழைப்பழம் 100 கிராம் (25)
- ஊறவைத்த கொண்டைக்கடலை 50 கிராம் (22)

மொத்தம் 700 கிராம். உலர்பொருள் 127 கிராம். கிழங்கும் பழமும் வராத நாளில் 250 கிராம் வெள்ளரியைப் போட்டு நிரப்பினால் தட்டு அதே 700 கிராம்தான். உலர்பொருள் 77. குரங்கு பத்தில் நான்கு பங்கு சாப்பாட்டை இழந்திருக்கிறது. பதிவேட்டில் ஒரு வரிகூட மாறவில்லை.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். ஓணம் முடிந்து நேந்திரம் பழம் மலிந்தால் வண்டிவண்டியாக வரும். சந்தைப் பழம் காட்டுப் பழம் இல்லை. மனித நாக்குக்காகத் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் சர்க்கரை ஏறியிருக்கிறது, நாரும் புரதமும் இறங்கியிருக்கின்றன. இங்கிலாந்தின் பெய்ன்டன் பூங்கா 2014-இல் குரங்குகளுக்கு வாழைப்பழத்தை நிறுத்தியதை உலகமே வேடிக்கைச் செய்தியாகப் படித்தது. காரணம் இதுதான்: பருமன், சர்க்கரை நோய், சொத்தைப் பல்.

தழை தின்னும் கருமந்திக்கு இது இன்னும் ஆபத்து. அதன் இரைப்பை பல அறைகளாகப் பிரிந்து, மாட்டின் வயிற்றைப்போல் நுண்ணுயிர்களைக் கொண்டு இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும். அங்கே பழச் சர்க்கரையும் சோறும் இறங்கினால் அமிலம் பொங்கும், வயிறு உப்பும், கழிச்சல் வரும். அதற்கு அடிப்படை உணவு ஆல், அரசு, அத்தி, பலா, முருங்கைத் தழை, காய்கறி துணைக்கு.

தட்டில் சரியாக வைத்துவிட்டாலே போதாது. கூட்டத்தில் வலியது முதலில் வந்து பழத்தையும் கடலையையும் பொறுக்கிவிடும். கடைசியில் வருவதற்குப் பீன்ஸ் மிஞ்சும். காயைச் சிறிதாக நறுக்கிக் கலப்பது, விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஓரிடமாவது கூடுதலாகப் பிரித்து வைப்பது, கொஞ்சத்தை வைக்கோலில் இறைப்பது, இவை சத்தைச் சமமாகப் பங்கிடும் வழிகள். விளையாட்டு காட்டுவது இரண்டாம் பயன்தான்.

மானுக்குப் புல் கிலோவில் அளந்தால்

60 கிலோ புள்ளிமானுக்கு நாளைக்கு 1.5 முதல் 1.8 கிலோ உலர்பொருள் வேண்டும். கலப்புத் தீவனம் 300 கிராமும் கொஞ்சம் தழையும் போக, 1.2 கிலோ பசும்புல்லிலிருந்து வரவேண்டும் என்று வைப்போம். வெயில் காலத்தில் உலர்பொருள் 20 சதவீதம் உள்ள கோ-4 கம்பு நேப்பியர் என்றால் 6 கிலோ. தென்மேற்குப் பருவமழையில் நனைந்து வெட்டிய இளம்புல்லில் 14 சதவீதம் என்றால் 8.5 கிலோ. ஒப்பந்தக்காரருக்கு மழைக்காலம் லாபம், தண்ணீரை விற்கிறார். வெட்டிய புல்லைக் கூரைக்குக் கீழே ஒரு வேளை வாடவிட்டு நிறுத்தால் இந்த ஏமாற்றம் பாதி குறையும்.

புல் வராத நாளில் கைக்குக் கிடைக்கும் பச்சையை வெட்டிப் போடுவதுதான் மான் கூண்டில் பெரிய விபத்து:

1. பூக்காத இளஞ்சோளத் தட்டை, குறிப்பாக வறட்சிக்குப்பின் மழையில் தளிர்த்தது. இதில் சயனைடு விளைவிக்கும் பொருள் உண்டு. குச்சிக்கிழங்கு இலையிலும் தோலிலும் அதே விஷயம்.
2. வேலியோர உண்ணிச்செடி, அரளி. முன்னது ஈரலைக் கெடுக்கும், பின்னது இதயத்தை நிறுத்தும்.
3. சோறு, ரொட்டி, தானியம். அசைபோடும் விலங்கின் முதல் வயிற்றில் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் திடீர் மாவுச்சத்தில் மடிந்து, லாக்டிக் அமிலம் செய்பவை பெருகும். ஓரிரு நாளில் விலங்கு விழும்.

பார்வையாளர் நீட்டும் பன்னும் பொரியும் இந்த மூன்றாவதில் சேரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு பூங்கா விலங்குக்குத் தீனி கொடுப்பதையும் சீண்டுவதையும் ஒரே வரியில் தடைசெய்வது காரணமில்லாமல் இல்லை. மழைக்காலக் கிடங்கில் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கும் இந்த வரிசையில் வரவேண்டியதே. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சுக்கு வாசனை கிடையாது.

நார் அதிகமானாலும் தொல்லைதான் என்பதற்குக் கேரளத்து யானைகளே சாட்சி. காய்ந்த பனை மட்டையே நாள்தோறும், தண்ணீரோ போதாது என்றால் குடல் அடைத்துக்கொள்ளும். எரண்டக்கெட்டு என்ற பெயர் பாகர்களுக்குத் தெரியாததல்ல.

மீன்: மாற்றாக வருவதும் மாறிப்போவதும்

கோழி நின்றால் உடும்பு, முதலை, நீர்நாய் ஆகியவற்றுக்கு மீன் அளவு கூடும். கேரளத்தில் ஜூன், ஜூலையில் 52 நாள் விசைப்படகுத் தடை. அப்போது கிடைப்பது உறைமீன். உறைந்து உருகும் மீனில் தயமின் குறைகிறது. சில மீன்களில் அதைச் சிதைக்கும் நொதியும் உண்டு. சாளை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்களின் எண்ணெய் கிடங்கிலேயே கெட்டு வைட்டமின் ஈ-யைத் தின்றுவிடும். அதனால் கிலோ மீனுக்குத் தயமின் 25 முதல் 30 மில்லிகிராம், வைட்டமின் ஈ 100 அலகு. மாத்திரையைத் தட்டில் தூவாமல், முதலில் நீட்டும் ஒரு மீனின் செவுளில் சொருகிக் கொடுக்க வேண்டும். உறைமீனைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓரிரவு வைத்து உருக்க வேண்டும். வாளித் தண்ணீரில் போட்டால் தயமின் தண்ணீரோடு வடிகாலுக்குப் போகும். கொழுப்பு மிகுந்த மீனை மூன்று மாதத்துக்கு மேல் சேமிக்கக் கூடாது.

மீதியை நிறுப்பது எப்படி

தட்டில் மிஞ்சியதை அப்படியே நிறுத்துக் கழித்தால் கணக்கு பிசகும், ஏனெனில் மீதி காய்ந்திருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மார்ச் மாதம் நறுக்கிய கேரட் எவ்வளவு சுருங்கும் என்பது சமையற்கட்டுக்கே தெரியும். செய்முறை:

1. அதே கலவையை இன்னொரு தட்டில் நிறுத்து, விலங்குக்கு எட்டாத, அதே வெயிலும் காற்றும் படும் இடத்தில் வைக்கவும்.
2. மாலையில் இரண்டையும் நிறுக்கவும். சாட்சித் தட்டு நூற்றுக்கு 15 குறைந்திருக்கிறது, விலங்கின் தட்டில் மீதி 140 கிராம் என்றால், உண்மை மீதி 140-ஐ 0.85-ஆல் வகுத்தது: 165 கிராம்.
3. 700 வைத்ததில் தின்றது 535. திருத்தாவிட்டால் 560 என்று எழுதியிருப்போம்.
4. எது மிஞ்சியது என்று வகை பிரித்து எழுதவும். பீன்ஸ் மட்டும் மிஞ்சினால், விலங்கு தின்றது நாம் போட்ட திட்டத்தை அல்ல.
5. தொடர்ந்து ஐந்து நாளாவது செய்யவும். ஒரு நாள் கணக்கு எதையும் சொல்லாது.

இதோடு மாதம் ஒருமுறை எடை, வாரம் ஒருமுறை உடல்நிலை மதிப்பெண் (மெலிவா, பருமனா என்று பார்த்துப் போடுவது), தினமும் சாணத்தின் கெட்டி. எடை பார்க்கும் தராசு கூண்டின் நடைவழியிலேயே இருந்தால் மயக்க மருந்து இல்லாமல் வேலை முடியும்.

மாற்றும் வேகமும் திரும்பும் வேகமும்

நோயோ தடையோ வந்தால் ஊனுண்ணிக்கு அன்றே மாற்ற வேண்டியிருக்கும். அதன் குடல் பெரும்பாலும் தாங்கும். அந்த வாரத்தில் விரத நாளைத் தள்ளிவைப்பது நல்லது. இல்லாவிட்டால், புதிய கறியை முகர்ந்துவிட்டுப் போன விலங்கு பட்டினியா, விரதமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். தழையுண்ணிகளுக்கு அவசரம் ஆகாது: மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால்பங்கு வீதம், இரண்டு வாரம். இடமாற்றத்தோடு தீவன மாற்றத்தைச் சேர்க்கவும் கூடாது. திருச்சூரில் 1885 முதல் இருந்த பழைய பூங்காவிலிருந்து புத்தூரின் புதிய பூங்காவுக்குப் போனதைப் போன்ற பயணங்களில், வண்டி ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் பழைய தட்டே தொடர வேண்டும். அப்போதுதான் தின்னாத விலங்கு பயத்தில் தின்னவில்லையா, பிடிக்காமல் தின்னவில்லையா என்று தெரியும்.

தடை நீங்கிக் கோழி வண்டி வரத் தொடங்கியதும் பழைய அளவுக்கு ஒரே நாளில் திரும்புகிறார்கள். கால்சியம் கார்பனேட் தூளை நிறுத்த மறந்துவிடுகிறார்கள். எலும்போடு கூடிய முழுக்கோழிக்கு மேல் தினமும் 14 கிராம் கார்பனேட் என்பது மலச்சிக்கலுக்கு வழி. பட்டியலில் கோழி ஏறும் அதே வரியில் தூள் இறங்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே கையெழுத்து.